கார் ஆம்ப்ளிஃபயருக்கு பவர் வயர் மாத்துனேன்: எந்த கேஜ், வோல்ட் எங்க காணாம போச்சு

ஒருவழியா சப்ஊஃபர் ஆம்ப் கட் ஆகாம ஓடுது. இன்ஜின் ஓடிட்டிருக்கும்போது பாஸ் அடிச்சா ஆம்ப் டெர்மினல்ல 11.8 வோல்ட்தான் இருந்துச்சு, இப்ப அதே பாஸுக்கு 12.8 நிக்குது. ஆம்ப் அதே, பேட்டரி அதே, ஆல்டர்னேட்டர் அதே, மாத்துனது வயர், ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் (ஆம்போட மைனஸ் வயரை கார் பாடில கட்டுறது) எடுத்த இடம் இவ்ளோதான். இதுல வயர் மெலிசுன்னு மட்டும் முடிவு பண்ணி தடியா ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா பாதிக்கு மேல பிரச்சன அப்படியேதான் இருந்திருக்கும். அளந்து பாத்தப்பதான் அது தெரிஞ்சுச்சு, அதான் நம்பரோட எழுதி வைக்குறேன்.

செட்டப் என்னன்னா, டிக்கில ஒரு மோனோ, அதாவது ஒரே சேனல், கிளாஸ் டி ஆம்ப், 2 ஓம்ல 500 வாட் ஆர்எம்எஸ் (விடாம தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர்), பக்கத்துலயே ரெண்டு 25 ஆம்பியர் ஃப்யூஸ். பேட்டரி முன்னாடி பானட்டுக்குள்ள. ஏற்கனவே போட்டிருந்தது ஒரு ரெடிமேட் வயரிங் கிட், மேல 4 கேஜ்னு (கேஜ்னா வயர் தடிமனோட நம்பர், குறைய குறைய தடி) பெருசா பிரிண்ட், கூடவே 1500 வாட்டுக்கு தாங்கும்னு வேற. பிற்பாடு கதவு ஸ்பீக்கருக்கு ஒரு 4 சேனல் கிளாஸ் ஏபி, சேனலுக்கு 60 வாட், அதையும் சேக்கணும்னு எண்ணம், அது இன்னும் வரல. பிரச்சன என்னன்னா சவுண்ட் கொஞ்சம் ஏத்தி பாஸ் நீளமா இழுக்குற இடத்துல ஆம்ப் ஒரு நொடி செத்து மறுபடி உயிர் வரும், ப்ரொடெக்ட் லைட், அதாவது ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க தானே அணைஞ்சுக்கும்போது எரியுற லைட், ஒரு மின்னு மின்னும். இன்ஜின் ஆஃப்ல இருந்தா சீக்கிரமே வந்துடும், ஓடும்போது லேட்டா வரும். இந்த ஒரு வித்தியாசமே வோல்டேஜ்தான் விஷயம்னு சொல்லிடுச்சு, இருந்தாலும் ஸ்பீக்கர் காயிலை மீட்டர்ல வச்சு பாத்துட்டேன், டெர்மினல் பெட்டிக்குள்ள இழை எதுவும் ஒண்ணோட ஒண்ணு தொடுதான்னும் பாத்துட்டேன், சுத்தமா இருந்துச்சு.

யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடு, சரியாயிடும். கணக்கு போட்டு பாருங்க: ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 13 வோல்ட்ல இருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குறதுக்குள்ள வெளிய விடுற எனர்ஜி 12.5 ஜூல்தான். 500 வாட் இழுக்குற ஆம்புக்கு அது ஒரு நொடில நாப்பதுல ஒரு பங்கு நேரத்துக்கு வரும். அப்புறம் அந்த கெப்பாசிட்டரும் அதே மெலிசு வயர் வழியாத்தான் திரும்ப நிரம்பணும். பாக்க பளபளன்னு நீல லைட்டோட நல்லாத்தான் இருக்கும், நமக்கு அது வேணாம்.

முதல் வேலை, எவ்ளோ ஆம்பியர் ஓடும்னு தெரியணும். பெட்டி மேல போட்டிருக்குற மேக்ஸ் வாட்டை நம்பி கணக்கு போடாதீங்க, ஆர்எம்எஸ் வாட்டை எடுங்க. கிளாஸ் டி-ன்னா எஃபிஷியன்சி சுமார் 80 சதவீதம், கிளாஸ் ஏபி-ன்னா 50 சதவீதம் கிட்ட. 500-ஐ 0.8-ஆல வகுத்தா 625 வாட் உள்ள போகணும், 13.8 வோல்ட்ல அது 45 ஆம்பியர். பின்னால வரப்போற 4 சேனல், 240 வாட்டை 0.5-ஆல வகுத்து 13.8-ஆல வகுத்தா 35 ஆம்பியர், அதாவது பாதி பவர் குடுக்குற ஆம்பு கிட்டத்தட்ட முக்கால் பங்கு கரண்ட் திங்குது, கிளாஸ் ஏபி அப்படித்தான். ஆம்ப்ல இருக்குற ஃப்யூஸ் எல்லாத்தையும் கூட்டுனாலும் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும், என்னோடது 50, கணக்குல 45, ரெண்டும் ஒத்துப்போகுது. ரெண்டும் ஒத்தே போகலன்னா, அதாவது 1000 வாட்னு போட்டுட்டு உள்ள 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணே ஒண்ணு இருந்தா, அந்த வாட்டு கணக்கு கதைதான். சிடிஏ 2006-னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல 14.4 வோல்ட், 4 ஓம், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள்ளன்னு கண்டிஷன் வச்சு அளப்பாங்க, அது போட்ட ஆம்புன்னா நம்பரை நம்பலாம், ஆனா 14.4 வோல்ட் நம்ம டிக்கி வரைக்கும் வருதான்னு பாக்குறது நம்ம பொறுப்பு.

அளக்குறதுக்கு எடுத்தது: சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், டிசி அளக்குற க்ளாம்ப் மீட்டர், 6 மீட்டர் மெல்லிசு ஹூக்கப் வயர் ரெண்டு முனைலயும் முதலை க்ளிப்போட, 45 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ணு. க்ளாம்ப் மீட்டர்ல ஒரு எச்சரிக்கை, விலை கம்மியான நெறைய மாடல் ஏசி கரண்ட் மட்டும்தான் காட்டும், கார் வயர்ல மாட்டுனா ஒண்ணும் தெரியாது, டிசி ஆம்பியர்னு தனியா ரேஞ்ச் இருக்கான்னு பாத்து வாங்குங்க. மல்டிமீட்டரோட 10 ஆம்பியர் சாக்கெட்ல இதை சொருகி பாக்குற யோசனையே வேணாம், மீட்டர் ஃப்யூஸ் போயிடும், ஃப்யூஸ் இல்லாத மீட்டர்னா மீட்டரே போயிடும். ஓம் ரேஞ்சும் இங்க உதவாது, ஏன்னா நாம தேடுறது மில்லி ஓம், மீட்டரோட சொந்த லீடே 0.2, 0.3 ஓம் காட்டும். லோடு ஓடும்போது ரெண்டு முனைக்கு நடுவுல எவ்ளோ வோல்ட் விழுதுன்னு பாக்குறதுதான் ஒரே வழி.

அதுக்குத்தான் அந்த 6 மீட்டர் வயர். மீட்டரோட சிவப்பு லீடை பேட்டரி ப்ளஸ் கட்டையில க்ளிப் பண்ணி பின்னாடி வரைக்கும் இழுத்துட்டு வந்து, கருப்பு லீடை ஆம்போட ப்ளஸ் ஸ்க்ரூல வச்சா, நடுவுல தொலையுற வோல்ட் நேரா ஸ்கிரீன்ல வரும். இந்த அளக்குற வயர்ல கரண்ட் ஓடாததால எவ்ளோ மெலிசா இருந்தாலும் பரவால்ல. எர்த் பக்கமும் இதே மாதிரி, ஆம்போட மைனஸ்ல இருந்து பேட்டரி மைனஸ் கட்டைக்கு. டோனை பத்து நொடிக்கு மேல ஓட விடாதீங்க, பாட்டுல வர்ற பாஸ் மாதிரி இல்ல இது, நிக்காம ஒரே சத்தம், வாய்ஸ் காயில் கருகிடும். ஓட்டு, படி, நிறுத்து, ஆற விடு. காதுக்கு பஞ்சு வச்சுக்கங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

இன்ஜின் ஐடில்ல ஓட, க்ளாம்ப் மீட்டர் 40 ஆம்பியர் காட்டுற அளவுக்கு வால்யூம் வச்சு எடுத்த ரீடிங் இது. பேட்டரி கட்டையில 13.1. பேட்டரில இருந்து ஆம்ப் வரைக்கும் வயர்ல மட்டும் 0.46 வோல்ட் தொலைஞ்சுச்சு. ஃப்யூஸ் ஹோல்டர்ல, அதான் அந்த கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்குற ஏஜியூ ஃப்யூஸ், அதோட ரெண்டு முனைக்கு நடுவுல 0.22. எர்த் பக்கம் மொத்தமா 0.61. கூட்டுனா 1.29 வோல்ட். அதான் ஆம்ப்ல 11.8. இதெல்லாம் மீட்டர் காட்டுற சராசரிதான், 45 ஹெர்ட்ஸ் டோனுக்கு ஆம்ப் கரண்டை துடிப்பு துடிப்பாத்தான் இழுக்கும், அந்த உச்சத்துல வோல்ட் இன்னும் கீழ இறங்கியிருக்கும், ப்ரொடெக்ட் விழுறது அந்த கணத்துலதான்.

எர்த் 0.61-ஐ இன்னும் பிரிச்சேன். எர்த் வயர் ஒரு மீட்டர் நீளம், அதுல 0.09. வயர் நுனில மாட்டுற வளையம், அதான் லக், அதுல இருந்து பக்கத்துல சுரண்டுன பாடி தகடுக்கு 0.38! பின் சீட்டு பிராக்கெட் போல்ட்டுல பெயிண்ட்டுக்கு மேலயே லக்கை வச்சு முறுக்கியிருந்தாங்க, போல்ட்டோட மரை வழியாத்தான் கரண்ட் போயிட்டிருந்துச்சு. மிச்சம் 0.14 பாடில இருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும், கம்பெனி போட்ட மெலிசு எர்த் வயர். ஆக அஞ்சு மீட்டர் வயர் முழுசும் தின்னதுல முக்காலுக்கும் மேல ஒரே ஒரு பெயிண்ட் படலம் தின்னிருக்கு.

இன்னொண்ணு கவனிச்சது, வயரைத் தொட்டுப் பாத்தா சூடே இல்ல, லேசா வெதுவெதுப்பு. ஃப்யூஸ் ஹோல்டர் மட்டும் கை வைக்க முடியல. கணக்கு போட்டா புரியும், வயர்ல மொத்தம் 18 வாட் வீணாகுது ஆனா அது அஞ்சு மீட்டர் நீளத்துக்கும் பரவி மீட்டருக்கு மூணரை வாட்தான், ஹோல்டர்ல கிட்டத்தட்ட 9 வாட் ஒரு விரல் நீளத்துக்குள்ள. வயர் சுடல, அதனால வயர் சைஸ் போதும்னு நெறைய பேர் சொல்றாங்க, கார்ல அந்த டெஸ்ட் செல்லாது. 12 வோல்ட்ல வயர் சுடறதுக்கு ரொம்ப முன்னாடியே வோல்ட் போதாம போயிடும்.

சரி, 4 கேஜ்னு போட்ட வயர் ஏன் இவ்ளோ திங்குதுன்னு கழட்டி வெட்டிப் பாத்தேன். 0.46-ஐ 40-ஆல வகுத்தா 11.5 மில்லி ஓம், வயர் நீளம் 5.2 மீட்டர், மீட்டருக்கு 2.2 மில்லி ஓம். உண்மையான 4 ஏ.டபிள்யூ.ஜி (அமெரிக்கன் வயர் கேஜ் ஸ்டாண்டர்ட்) காப்பர்னா மீட்டருக்கு 0.815 தான் இருக்கணும், 8 ஏ.டபிள்யூ.ஜி காப்பரே 2.06 தான். அதாவது 4-னு எழுதுன வயர் நல்ல 8-ஐ விட மோசம். மேல் உறை ரொம்ப தடி, உள்ள 170 இழை, வெர்னியர்ல ஒரு இழை 0.30 மி.மீ. ஒரு இழை பரப்பு 0.07 சதுர மி.மீ, மொத்தம் 12 ஸ்கொயர், அதாவது சதுர மி.மீ. உண்மையான 4 ஏ.டபிள்யூ.ஜி 21.2 ஸ்கொயர் இருக்கணும். அதோட விட்டுச்சா, ஒரு இழையை பிளேடால சுரண்டுனா உள்ள வெள்ளை, அலுமினியம் மேல செம்பு பூசுன சிசிஏ. 10 செ.மீ உரிச்சு சின்ன தராசுல வச்சா 4 கிராம், இதே 12 ஸ்கொயர் முழு செம்பா இருந்தா 10 கிராமுக்கு மேல நிக்கணும்.

சிசிஏ போட்டா கார் எரிஞ்சிடும்னு நான் சொல்ல வரல. அதுக்கு ரெசிஸ்டன்ஸ் செம்பை விட சுமார் ஒன்றரை மடங்கு, அதை கணக்குல எடுத்துக்கிட்டா போதும், உண்மையான 4 கேஜ் சிசிஏ-ன்னா அது 6 கேஜ் செம்புக்கு சமம்னு வச்சுக்கலாம். ஆனா ஸ்க்ரூ டெர்மினல்ல அலுமினியம் நாள்பட அமுங்கி லூஸாகும், வெட்டுன முனை ஆக்ஸைடு ஆகும், பானட்டுக்குள்ள ஈரம் சூடு எல்லாம் இருக்கு. எனக்கு அந்த டென்ஷன் வேணாம்.

இப்ப எந்த சைஸ் எடுக்குறது. சார்ட் பாத்து எடுக்கலாம்தான், இத்தனை ஆம்பியர் இத்தனை அடின்னா இந்த கேஜ்னு இருக்கும், ஆனா அந்த சார்ட் எல்லாம் எவ்ளோ வோல்ட் தொலையலாம்னு வச்சு போட்டாங்கன்னு ஒண்ணுலயும் சரியா எழுதல, ஒண்ணு 8 போதும்னுது இன்னொண்ணு 2 போடுன்னுது. நான் தலைகீழா போனேன். போக வர மொத்தமா அரை வோல்ட்டுக்கு மேல தொலையக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன். 45 ஆம்பியருக்கு அரை வோல்ட்னா மொத்த பட்ஜெட் 11 மில்லி ஓம். இதுல எர்த், ஃப்யூஸ், லக், எல்லாத்துக்கும் பாதி விட்டா ப்ளஸ் வயருக்கு 5, 6 மில்லி ஓம்.

தூரம் 5.2 மீட்டர், இதை நேர்கோட்டுல அளக்காதீங்க, எனக்கு நேரா பாத்தா மூணரை மீட்டர்தான், ஆனா ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடு) ஓட்டை, கதவு அடி, சீட்டு சுத்தி, டிக்கி வளைவுன்னு கயிறை விட்டு அளந்தா 5.2 வந்துச்சு. 8 ஏ.டபிள்யூ.ஜி காப்பர் 10.7 மில்லி ஓம், ப்ளஸ் வயரே பட்ஜெட்டை முழுங்கிடும், அது அவுட். 4 ஏ.டபிள்யூ.ஜி 4.2, சரியா உக்காருது. 2 ஏ.டபிள்யூ.ஜி 2.7. 1/0, அதாவது 1-ஐ விடவும் ஒரு படி தடி, போட்டா 1.7. இந்த கடைசி ரெண்டும் போட்டா என்ன லாபம்னு பாத்தா, 4-ல இருந்து 1/0 போனா 45 ஆம்பியர்ல மிச்சமாகுறது 0.11 வோல்ட், அதுக்கு செம்பு ரெண்டரை மடங்கு வேணும், விலையும் அதே அளவுக்கு எகிறும், ஃபயர்வால்ல நுழையாது, ஆம்ப் டெர்மினல்லயும் நுழையாது. ஒரு ஆம்புக்கு 4 போதும்.

கேஜ் நம்பர் பழக்கம் இல்லாதவங்களுக்கு: நம்பர் குறைய குறைய வயர் தடி, மூணு நம்பர் இறங்குனா செம்பு பரப்பு ரெண்டு மடங்கு. அதுக்குமேல மனப்பாடம் பண்ண வேணாம், ஸ்கொயர் எம்எம்-ல கேட்டு வாங்குங்க, அதுல ஏமாத்துறது கொஞ்சம் கஷ்டம். 8-க்கு 8.4, 4-க்கு 21.2, 2-க்கு 33.6, 1/0-க்கு 53.5 ஸ்கொயர். வெறும் கேஜ்னு போட்டு முன்னாடி ஏ.டபிள்யூ.ஜி-ன்னு போடலன்னா சந்தேகப்படுங்க, என் பழைய கிட் அப்படித்தான், கேஜ்னு மட்டும்தான் இருந்துச்சு.

வாங்குனது 25 ஸ்கொயர் நுண்ணிழை காப்பர் கேபிள். இது ஆடியோ கடை ஐட்டமே இல்ல, எலக்ட்ரிக்கல் சாமான் விக்கிற இடத்துல கிடைக்குற ஃப்ளெக்ஸிபிள் கேபிள். ஃப்ளெக்ஸிபிள் கிளாஸ் 5-ன்னு இருந்தா 25 ஸ்கொயருக்கு கிலோமீட்டருக்கு 0.78 ஓமுக்கு மேல போகக் கூடாதுன்னு ஐ.இ.சி ஸ்டாண்டர்டே இருக்கு, அதாவது 4 ஏ.டபிள்யூ.ஜி-யை விட ஒரு நூல் உசத்தி. வெல்டிங் கேபிளும் யோசிச்சேன், நல்லா வளையும், ஆனா அதுலயும் இப்ப அலுமினியம் வருது, வாங்குறதுன்னா ஒரு இழையை சுரண்டிப் பாத்துட்டு வாங்குங்க. ஓஎஃப்சி, ஆக்ஸிஜன் ஃப்ரீன்னு தனியா காசு குடுக்க வேண்டியதில்ல, சாதா எலக்ட்ரிக்கல் செம்புக்கும் அதுக்கும் ரெசிஸ்டன்ஸ்ல ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தா அதிகம். ஆடியோ பேர்ல அந்த வார்த்தை பிரயோஜனப்படுறது ஒண்ணுக்குத்தான், சிசிஏ இல்லன்னு தெரிஞ்சுக்க. உறை மட்டும் பாருங்க, பானட்டுக்குள்ள போறதுக்கு சூடு, ஆயில் தாங்குறதா இருக்கணும். இதையும் 10 செ.மீ வெட்டி எடை போட்டேன், 22 கிராம், செம்புதான்.

ஃப்யூஸ். இது ஆம்பைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. ஆம்புக்கு அதோட சொந்த ஃப்யூஸ் இருக்கு. நடுவழில எங்கயாவது வயர் உறை கிழிஞ்சு பாடில தொட்டா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை தள்ளும், அதை நிறுத்தத்தான் மெயின் ஃப்யூஸ், அதான் பேட்டரில இருந்து 45 செ.மீ-க்குள்ள வைக்கணும்னு சொல்றது. என்னோடது 20 செ.மீ-ல உக்காந்துச்சு. ஆம்ப் ஃப்யூஸ் 50, வயர் அதுக்கு மேலயே தாராளமா தாங்கும், அதனால 60 ஆம்பியர் மிடி ஃப்யூஸ், நட்டு போட்டு முறுக்குற டைப். அந்த கண்ணாடிக் குழாய் டைப்பை தூக்கிப் போட்டுட்டேன், ஸ்பிரிங் மாதிரி ஒரு தகடு பிடிச்சுக்கிட்டிருக்கும், கார் குலுங்க குலுங்க அந்த பிடி தளரும்.

வயர் ஓட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் சீட்டு அடில கை வச்சேன், அங்க மஞ்சள் கலர் கனெக்டர் இருக்கும், ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது, அதை இழுக்கவே கூடாது. ஃபயர்வால்ல புது ஓட்டை போடல, ஏற்கனவே ஹார்னஸ் போற ரப்பர் கிராமெட்ல ஓரமா ஒரு கீறல் போட்டு, சைக்கிள் ஸ்போக் ஒண்ணை முன்னால விட்டு அதுல வயரை டேப் சுத்தி இழுத்தேன், கொஞ்சம் சோப்பு தண்ணி தடவுனா வழுக்கிட்டு வந்துடும். தகடு ஓட்டைல கிராமெட் இல்லாம வயர் விடுறது தீக்குச்சியை உரசி வைக்குற மாதிரி, இன்னைக்கு இல்லன்னா ஒரு நாள் பத்திக்கும். பானட்டுக்குள்ள முழுக்க சுருள் ஸ்லீவ் போட்டு, எக்ஸாஸ்ட் பக்கம், ஸ்டியரிங் ராடு, பெடல் எதுக்கும் கிட்ட போகாம டை கட்டியாச்சு. உள்ள பவர் வயர் இடது கதவு அடியா, ஆர்சிஏ, அதான் பாட்டு சிக்னல் வர்ற வயர், வலது பக்கமா. 25 ஸ்கொயர் கதவு அடி பிளாஸ்டிக்குக்குள்ள உக்காந்துடுச்சு ஆனா ஒரு க்ளிப் மட்டும் மூட மாட்டேன்னு அடம், ஹார்னஸை ஒரு விரல் நகத்தி வச்சப்புறம் மூடுச்சு.

லக்குக்கு ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வாடகைக்கு எடுத்தேன், ஆறு பக்க டை. சுத்தியால அடிக்குற கிரிம்ப், இடுக்கில நசுக்குறது எல்லாம் இந்த சைஸுக்கு பத்தாது. சால்டர் பண்ணலாமான்னா பண்ணலாம், ஆனா ஈயம் இழைக்குள்ள உறிஞ்சிக்கிட்டு லக்குக்கு வெளிய ஒரு இன்ச் வரைக்கும் கம்பி மாதிரி விறைச்சிடும், ஆட்டத்துல அங்கதான் ஒடியும். ஆம்ப் பக்கம் ஸ்க்ரூ டெர்மினல், அங்க இழைக்கு ஈயம் பூசவே பூசாதீங்க, ஈயம் அழுத்தத்துல மெல்ல அமுங்கி ஸ்க்ரூ லூஸாயிடும். வெறும் இழைல செம்பு ஃபெரூல், அதான் சின்னக் குழாய் மாதிரி உறை, ஒண்ணு போட்டு சொருகுனேன். 25 ஸ்கொயர் ஃபெரூலோட அந்த ஓட்டைல மல்லுக்கட்டித்தான் போச்சு, இழையைக் கொஞ்சம் வெட்டி மெலிசாக்குனா ஈசியா போகும், ஆனா அப்புறம் 25 ஸ்கொயர் வாங்குனதுக்கு அர்த்தமே இல்ல.

எர்த்துக்குத்தான் அதிக நேரம் போச்சு, போகவும் வேண்டியதுதான். ஆம்ப்ல இருந்து அரை மீட்டருக்குள்ள, டிக்கி தரைல பாடியோட வெல்டான தடிமன் தகடு ஒண்ணு, அதுல ஏற்கனவே இருந்த 8 மி.மீ போல்ட். சீட் பெல்ட் போல்ட் பக்கமே போகல, அது உயிர் காக்குற போல்ட், அதை கழட்டி நடுவுல லக் சொருகுறது தப்பு. லக் உக்கார்ற வட்டத்துக்கு மட்டும் உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் தேச்சு, பல் வாஷர் வச்சு முறுக்கி, வெளிய துரு பிடிக்காம பெயிண்ட் அடிச்சேன், பெயிண்ட் முறுக்குனதுக்கு அப்புறம். எர்த் வயரும் அதே 25 ஸ்கொயர்தான், போற கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாகணும். அப்புறம் முன்னாடி, பாடில இருந்து பேட்டரி மைனஸுக்கு கம்பெனி வயரோட கூட இன்னொரு 25 ஸ்கொயர் துண்டு. இதுல புது கார் வச்சிருக்கவங்க பாத்துக்கங்க, மைனஸ் கட்டை மேல ஒரு சின்ன பெட்டி மாதிரி சென்சார் இருந்தா அது பேட்டரிக்குள்ள போற வர்ற கரண்டை எண்ணுற சென்சார், அதுக்கு முன்னாடி நேரா கட்டையில வயரைக் கட்டுனா எண்ணிக்கை தப்பும். சென்சாரைத் தாண்டி பாடிக்குப் போற பக்கமே கட்டணும்.

மறுபடி அதே டோன், அதே வால்யூம். கரண்ட் 40-ல இருந்து 37-க்கு இறங்கிடுச்சு, ஏன்னா அதே வாட்டுக்கு வோல்ட் கூடுனா ஆம்பியர் குறையும். பேட்டரில 13.1, ப்ளஸ் வயர்ல 0.15, ஃப்யூஸ்ல 0.03, எர்த் பக்கம் மொத்தம் 0.10. தொலையுறது 0.28 வோல்ட், ஆம்ப்ல 12.8. ஃப்யூஸ் ஹோல்டர் சில்லுன்னு இருக்கு. இன்ஜின் ஆஃப்ல வச்சும் பாட்டு போட்டுப் பாத்தேன், ப்ரொடெக்ட் வரல.

ஒண்ணு மட்டும் மாறல, ராத்திரி பாஸுக்கு ஹெட்லைட் லேசா மங்குறது. இது மாறாதுன்னு யோசிச்சா தெரியும், ஹெட்லைட்டுக்கு கரண்ட் போறது ஆம்ப் வயர் வழியா இல்ல. பேட்டரி கட்டையிலயே வோல்ட் இறங்குனா லைட் மங்கத்தான் செய்யும், அது ஐடில்ல ஆல்டர்னேட்டர் குடுக்க முடியாத கதை, இல்லன்னா பேட்டரி வயசு, இல்லன்னா ஆல்டர்னேட்டர் ப்ளஸ்ல இருந்து பேட்டரி ப்ளஸ்ஸுக்கு வர்ற வயர் மெலிசு. ஆம்ப் வயரை 1/0 போட்டாலும் ஹெட்லைட்டுக்கு ஒரு மண்ணும் ஆகாது. அந்த ஆல்டர்னேட்டர் வயர், இன்ஜின் எர்த் ரெண்டையும் அடுத்து பாக்கணும், முதல்ல அளந்துட்டு.

திரும்ப இதே வேலையை ஆரம்பிச்சா 25-க்கு பதிலா 35 ஸ்கொயர் ஓட்டியிருப்பேன். 4 சேனலும் வந்தா மொத்தம் 80 ஆம்பியர், 25 ஸ்கொயர்ல ப்ளஸ் வயர் மட்டும் 0.32 வோல்ட் திங்கும், 35-ல 0.23. பாஸும் பாட்டும் ஒரே நேரத்துல உச்சத்துக்கு போறது அபூர்வம்ங்கிறதால 25 சமாளிக்கும், ஆனா வயருக்கான விலை வித்தியாசத்தை விட கதவு அடி பிளாஸ்டிக்கை மறுபடி கழட்டுற உழைப்பு பெருசு. இன்னொண்ணு, அளவு எடுக்குற 6 மீட்டர் வயரை நிரந்தரமா உள்ளயே விட்டிருப்பேன், பேட்டரி பக்கம் ஒரு சின்ன ஃப்யூஸ் போட்டு, டிக்கில மீட்டர் வைக்க ரெண்டு சாக்கெட்டோட. கிரிம்பிங் டூல் வாடகைக்கு எடுத்த அன்னைக்கே பேட்டரி-இன்ஜின் எர்த்துக்கும் லக் அமுக்கி வச்சிருக்கலாம்.

4 சேனல் வரும்போது டிக்கில ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ப்ளாக் (ஒரு வயரை ரெண்டா பிரிக்குற கட்டை), அதுல இருந்து மோனோவுக்கு 25 ஸ்கொயர், 4 சேனலுக்கு 10 ஸ்கொயர். தடி வயர்ல இருந்து மெலிசு வயருக்கு இறங்குற இடத்துல தனி ஃப்யூஸ் கட்டாயம், முன்னாடி இருக்குற பெரிய ஃப்யூஸுக்கு பின்னாடி இருக்குற மெலிசு வயரைப் பத்தி கவலை கிடையாது. முன்னால 60-ஐ எடுத்துட்டு 100 ஆம்பியர், ப்ளாக்ல 60-ம் 40-ம். அதுக்கு முன்னாடி எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவ திரும்ப முறுக்கணும், புது செம்பு இழை முதல் கொஞ்ச நாள் ஆட்டத்துல அமுங்கி ஆம்ப் டெர்மினல் கால் சுத்து தளர்ந்திருந்துச்சு, முறுக்குனப்புறம் அங்க விழுந்த 20 மில்லி வோல்ட் 5-க்கு வந்துடுச்சு.